காது வைத்த நாடா

அக்சிலியா பை தைக்கும் மெல்லிய ஊசியைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தாள். தடித்த ஊசியை மாட்டித் திருகை இறுக்கி, நூலைக் கோத்து, மிதியில் காலை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், முன்னறையில், அவளுடைய அம்மா வேளாங்கண்ணி ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள். சுற்றிலும் உட்கார்ந்திருந்த பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியதும் ஜெபம் பாதியில் நின்றது.

அக்சிலியா நிறுத்தவில்லை. ஒரு கட்டம் தைத்து, அதன் நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு கோடு ஓட்டி, நூலை அறுத்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு அத்தாயி நின்றிருந்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி. கோயில் வேறு, சாமி வேறு என்றாலும் வேளாங்கண்ணிக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி. விடிகாலையில் உயிர் போனபோது அம்மாவின் கண்ணை மூடிவிட்டவளும் அவள்தான்.

"ஏம்முணி, உனக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சா? எழவு ஊட்டுல மெசினு ஓட்டிக்கிட்டுக் குக்கியிருக்கற? அங்க அல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தரு பாக்கறாங்க."

"அம்மாளுக்குத்தாங்க பெரியம்மா தெக்கிறேன்."

"அவளுக்குத்தான் கல்யாணப் பொடவையக் கட்டி, பூ வெச்சு, மகராசியாட்டப் படுக்க வெச்சாச்சே. இன்னும் என்ன தெக்கிற?"

"பொட்டிய எறக்கறதுக்கு நாடா."

அத்தாயி மேசையில் கிடந்த நாடாவைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்றாள்.

"அப்பச் செரி. ஓட்டு" என்றாள்.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். சூசையபுரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ராசிபுரம் போகிற பஸ்ஸில் ஏறி, தார்ச்சாலையை விட்டு இறங்கி நடந்தால் வருகிற சின்னக் கிராமம். ஒரு கோயில், ஒரு கல்லறைத் தோட்டம். அக்சிலியாவின் அப்பா உபகாரசாமி செத்தது ஒரு ஐப்பசியில். மூன்று நாளாக அடைமழை. குழியில் ஊற்றெடுத்து நின்றது. நனைந்த வடக்கயிற்றைப் பெட்டிக்கு அடியில் கொடுத்து நாலு பேர் இறக்கினார்கள். தலைமாட்டில் ஒரு நுனி மகன் பெனடிக்ட்டின் கையில் இருந்தது. மீசை முளைக்கிற வயசு. கயிறு வழுக்கியது. பெட்டி தலைகீழாகப் போய்க் குழிக்குள் குத்திட்டு நின்றது. மேல்பலகை விரிந்தது. இரண்டு பேர் உள்ளே குதித்து அதைச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. வேளாங்கண்ணி அத்தனையையும் குழியோரத்தில் நின்று பார்த்தாள்.

அதற்கப்புறம் டீக்கடையில் சிரிப்புக்கு அது ஒரு பேச்சாகிவிட்டது. 'மத்தவனெல்லாம் படுத்துக்கிட்டுப் போவான், நம்ம உபகாரம் நின்னுக்கிட்டே மோட்சம் போனான்.' சொன்னவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கேட்டுக்கொண்டு நின்ற பையனுக்குத்தான் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. அடுத்த மாசமே போர்வெல் ரிக் வண்டியில் ஏறி வடக்கே போய்விட்டான். இன்றைக்கு அவன் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரி. பூமிக்குள் முந்நூறு அடி, ஐந்நூறு அடி இரும்புக் குழாயை இறக்கி ஏற்றுகிறவன். ஆனால் அன்றிலிருந்து எந்தச் சாவிலும் கயிற்றைத் தொட்டதில்லை. மாமன் செத்தபோதும், சித்தப்பா செத்தபோதும் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுகொண்டான்.

வேளாங்கண்ணி அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்பான். ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்குப் புருஷனின் குழியைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றும்போது, "நேராத்தான் படுத்திருக்கறாரோ என்னமோ" என்று மட்டும் சொல்வாள். அவன் பின்னால் நிற்கிறானா இல்லையா என்று திரும்பிப் பார்க்காமல் சொல்வாள்.

அவள் கடைசியாகக் கேட்டதும் அதைத்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அக்சிலியா பார்க்க வந்திருந்தாள். சேலத்தில் சூரமங்கலம் பக்கம் அவளுக்குக் கைப்பைத் தையற்கடை. எடப்பாடித் தறியில் நெய்த கெட்டித் துணி, ராசிபுரம் பட்டில் மிஞ்சின துண்டு, லாரித் தார்ப்பாய் என்று எது கிடைத்தாலும் பையாக்கிவிடுவாள். அவளிடம் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவைக்கு ஜோடியாகப் பை வேண்டுமென்றால் தாரமங்கலத்திலிருந்துகூட அவளைத் தேடி வருகிறார்கள். அன்றைக்குத் தைத்து முடித்த பை ஒன்றைக் கட்டிலில் வைத்திருந்தாள். அம்மா படுத்தபடியே அதன் பிடியை விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்கு ரெண்டு காதும் எப்படி ஒரே ஒசரமா வெக்கிற?"

"ரெண்டையும் ஒண்ணா வெச்சு வெட்டோணும்மா. குறி போட்டு, குறியிலயே தெக்கோணும். ஒரு நூலு ஏறுனாலும் பை கோணிக்கிட்டுத் தொங்கும்."

அம்மா பையை ஆட்டிப் பார்த்தாள். கோணவில்லை.

"எனக்கும் அப்படிக் காது வெச்சுரு. என்னையச் சமமா எறக்குங்க. அது போதும்."

அக்சிலியாவின் புருஷன் சந்திரசேகர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் சீட்டு தைப்பவன். தார்ப்பாய்க்கு ஓரம் அடிக்கிற அகலமான பருத்தி நாடாச் சுருள் ஒன்றை அவனிடம் சொல்லி வரவழைத்தாள். அதைக் கொண்டுவந்து அம்மாவின் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அதோடு சரி. உயிரோடு இருக்கிறவளுக்கு அதைத் தைக்கக் கை வரவில்லை.

"வாங்கிட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"வாங்கிட்டேன்."

"தெச்சிட்டியா?"

"தெக்கலாம், இரு."

"நானென்ன, அவசரமுன்னா சொல்றேன்?" என்று அம்மா சிரித்தாள்.

இப்போது அவசரம் வந்துவிட்டது. நாலு மணிக்கு அடக்கம்.

மேசையில் இரண்டு நீளமான நாடாக்கள் மடிந்து கிடந்தன. தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று. பெட்டிக்கு அடியில் வருகிற நடுப்பகுதி வெறுமையாக இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் சாணுக்கு ஒன்றாகக் காது வைத்துக்கொண்டு போனாள். பைக்கு வைக்கிற அதே காது. கை நுழைகிற அளவு. நாலு ஆள் நாலு நுனியிலும் நின்று, ஒரே நேரத்தில் ஒரு காதை விட்டு அடுத்த காதைப் பிடித்தால் பெட்டி ஒரு சாண் இறங்கும். எல்லாருக்கும் ஒரே சாண். கயிறு கைக்குள் ஓடுவதற்கு வேலையே இல்லை. வழுக்குவதற்கும் வழியில்லை. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று வாரமாகத் தூங்கப் போகும்போதெல்லாம் மனசுக்குள் தைத்துத் தைத்துப் பிரித்தது.

"எங்கூட்டுக்காரரு பச்ச பெல்ட்டுல பணத்த வெச்சு இடுப்புல கட்டிக்குவாரு. படுத்தாலும் அவுக்க மாட்டாரு" என்றாள் அத்தாயி, வெற்றிலைச் சாற்றை ஒதுக்கிக்கொண்டு. "எனக்கு மடிதான் பொட்டி. பொறவு இந்தச் சுருக்குப்பை. உங்கம்மா ஒருத்திதான் தோள்ல பையப் போட்டுக்கிட்டு டீச்சரம்மாளாட்டப் போவா. கான்வென்ட்டு போர்டிங்குல சோறாக்கற பொம்பளைக்குப் பை என்னத்துக்குன்னு ஊரே பேசுச்சு."

"அந்தப் பையி பெல்ஜியம் மதரு குடுத்தது."

"அதத்தான் நீ குடலு வேற ஈரலு வேறயாப் பிரிச்சு வெச்சயே."

அக்சிலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வயசில், கறுப்புத் தோலில் பித்தளைக் கொக்கி வைத்த அந்தப் பை எப்படி மூடுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, சவர பிளேடால் உள்துணியிலிருந்து எல்லாத் தையலையும் பிரித்துவிட்டாள். அம்மா வேப்பங்குச்சியால் விளாசினாள். அடித்து முடித்துவிட்டு ஊசியையும் நூலையும் அவள் முன்னால் போட்டாள். 'எப்படிப் பிரிச்சியோ அப்படியே தெச்சுக் குடு. அப்பறந்தான் சோறு.' அன்று ராத்திரிச் சோறு இல்லை. மறுநாள் மத்தியானம் பை மூடியது. அந்தப் பை அப்புறம் பதினைந்து வருஷம் உழைத்தது. அது கிழிந்ததும் மகள் தைத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு வேறு யார் தைத்ததையும் தோளில் ஏற்றியதில்லை.

முன்னறையிலிருந்து பெண்கள் பாட்டு ஆரம்பித்தார்கள். பாட்டுக்குள் மெஷின் சத்தம் மறைந்தது. அக்சிலியா வேகத்தைக் கூட்டினாள்.

கடைசிக் காதுக்குக் குறி போடும்போது பெனடிக்ட் உள்ளே வந்தான். ராய்ப்பூரிலிருந்து விமானம் பிடித்து, இறங்கியதும் கார் பிடித்து, வந்த கோலத்தில் இருந்தான். காலர் எல்லாம் செம்மண். அழுது கண் வீங்கியிருந்தது. அத்தாயி அவன் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தாயில்லாப் புள்ளையாப் போயிட்டயே சாமி" என்று கொஞ்சம் அழுதுவிட்டு, எழுந்து முன்னறைக்குப் போனாள்.

அவன் நாடாவை எடுத்து விரலால் நிமிண்டினான். ஒரு காதுக்குள் இரண்டு கட்டை விரலையும் கொடுத்து இழுத்துப் பார்த்தான்.

"தாங்குமா பாப்பா?"

"தாங்கும்."

"எத்தன தையல் போட்டிருக்கற?"

"கட்டம் ரெண்டு சுத்து. நடுவுல குறுக்க. இதுக்கு மேல போட்டா ஊசி ஓட்டையே நாடாவ அறுத்துரும்."

அவன் தலையாட்டினான். அது அவனுக்குப் புரிகிற கணக்கு. நாடாவை மடித்து மேசையில் வைத்துவிட்டு, சுவரில் ஆணியில் தொங்கிய அம்மாவின் பையைப் பார்த்தான். பழுப்புக் கலர் துணிப்பை. தோள்பட்டை உரசி உரசி வாரின் ஒரு இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"உங்கண்ணி ஜோதி கேட்டா, அத்தையோட பையையும் பொட்டிக்குள்ள வெச்சுரலாமுங்களான்னு."

"வேண்டாம்ணா. தொங்கட்டும்."

"உள்ள என்ன இருக்குது?"

"பாக்கல."

அவன் பையின் பக்கத்தில் போனான். தொடவில்லை.

"லீவுக்கு வாரப்பெல்லாம் பஸ்ஸ்டாண்டுல நிப்பா. குடும்மா, நான் கொண்டாரேன்னு கைய நீட்டுவேன். இந்தத் தோள்ல இருக்கறத அந்தத் தோளுக்கு மாத்திக்குவா. ஒரு நாளு கூட எங்கையில குடுத்ததில்ல."

அக்சிலியா குறி போட்ட சுண்ணாம்பைக் கீழே வைத்தாள்.

"என்ற கையிலயுந்தாண்ணா குடுத்ததில்ல."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. பஸ்ஸில் ஏறும்போது, சேலை மடிப்பைச் சரிசெய்யும்போது, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, 'இதக் கொஞ்சம் புடி' என்று யோசிக்காமல் அவள் கையில் திணிப்பதுதான் அம்மாவின் வழக்கம். அவன் எதிரிலேயே எத்தனையோ தடவை நடந்திருக்கிறது.

"தலைமாட்டுல ஒரு பக்கம் நீ புடிக்கோணும்ணா" என்றாள்.

"நான் வாரல."

"மகன் நீ ஒருத்தன்தான் இருக்கற."

"தெரியுது. அதுக்குத்தான் சொல்றேன், நான் வாரல." அவன் குரல் உயரவில்லை. "அவளையும் தலகீழா எறக்கிப்போட்டுட்டு நான் எங்க போறது?"

வெளியே போய்விட்டான். அக்சிலியா கடைசிக் காதைத் தைத்தாள். கோணாமல் தைத்தாள்.

தைத்ததைச் சோதித்துப் பார்க்காமல் அவள் எந்தப் பையையும் கடையை விட்டு அனுப்பியதில்லை. இதையும் அனுப்புவதாக இல்லை. நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். சந்திரசேகர் பந்தலுக்கு நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி அவனுக்கு ஒரு புனிதர் பெயரும் வைத்தார்கள். ஆனால் சாமியார் உட்பட யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவனை அழைத்து நாடா இரண்டையும் வேப்பங்கிளையில் கட்டித் தூளி மாதிரி தொங்கவிடச் சொன்னாள்.

"ஆரு உக்காறது?" என்றான்.

"நாந்தான்."

"நீ கொக்காட்ட இருக்கற. உன்னைய வெச்சு என்னத்தப் பாக்கறது? பொட்டியோட கனம் வேண்டாமா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தாயி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஊரில் அவளை எடை போடத் தராசு கிடையாது என்பார்கள்.

"தள்ளுங்க அக்கட்டால. உங்கம்மாளையும் பொட்டியையும் சேத்தாலும் என்ற பாதிக்கு வராது. நாங் குக்கறேன்."

"பெரியம்மா, ஆராச்சும் பாத்தா…"

"பாத்தா என்ன? எங்கூட்டுக்காரர் செத்தப்பகூட எனக்காவ ஆரும் ஊஞ்சல் கட்டல."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு நாடாவிலும் உடம்பை இறக்கினாள். கிளை முனகியது. நாடா 'டக்'கென்று ஒருமுறை இறுகி, அப்படியே நின்றது. அத்தாயி காலைத் தரையிலிருந்து தூக்கினாள். சந்திரசேகர் குனிந்து ஒவ்வொரு தையலையும் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு நூல் பிசகவில்லை. நாலு காதையும் நாலு பக்கமும் பிடித்து உலுக்கச் சொன்னாள் அத்தாயி. உலுக்கினார்கள். தொங்கியபடியே அவள் அழ ஆரம்பித்தாள்.

"அடி வேளாங்கண்ணி, நீ போற பல்லக்குல என்னைய உக்கார வெச்சுப் பாக்கறாளே உன்ற மக…"

ஒப்பாரி கேட்டு இரண்டு மூன்று பேர் முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். துக்க வீட்டில் ஒரு கிழவி ஊஞ்சலாடி அழுவதைப் பார்த்துவிட்டு தலையை இழுத்துக்கொண்டார்கள். கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்திருந்த பெனடிக்ட்டும் பார்த்தான். அவன் அத்தாயியைப் பார்க்கவில்லை. தையலைப் பார்த்தான்.

உபதேசியார்தான் கல்லறைத் தோட்டத்து வேலைக்கெல்லாம் பொறுப்பு. கோயிலுக்கு நாலு மணிக்குப் பெட்டி வந்தபோதே அவருக்கு விஷயம் எட்டியிருந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும் அக்சிலியாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கோயில்ல புது நைலான் கவுறு வாங்கி வெச்சிருக்கறமுங்க. இந்த நாடா கீடாவெல்லாம் எதுக்குங்க? ஊருல ஒரு மொற இருக்குதல்லோ."

"கவுத்துல எறக்குனது எப்படின்னு நீங்களே பாத்திருக்கறீங்க உபதேசியாரே."

"அது மழைங்க. இப்ப வெயிலு."

"கேட்டது எங்கம்மா. அவங்க வந்து வேண்டாமுன்னு சொல்லட்டும், விட்டர்றேன்."

உபதேசியார் பங்குச்சாமியாரைப் பார்த்தார். சாமியாருக்குச் சின்ன வயசு. ஒரு காதுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்குது. போலாம்" என்று முன்னால் நடந்தார். அது தீர்ந்தது.

தீராதது ஒன்று இருந்தது. குழியின் மேல் குறுக்காகப் பலகைகள் போட்டு அவற்றின் மேல் பெட்டியை வைத்து, அடியில் இரண்டு நாடாவையும் கொடுத்தார்கள். கால்மாட்டில் ஒரு பக்கம் சந்திரசேகர், மறுபக்கம் குழி வெட்டிய சின்னுசாமி. தலைமாட்டில் இரண்டு நுனிகளும் தரையில் கிடந்தன. கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. பெனடிக்ட் வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்திருந்தான். ஆனால் அப்பாவின் கல்லறைக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஆராச்சும் ரெண்டு பேரு வாங்கப்பா. நேரமாவுது" என்றார் உபதேசியார்.

"ஒரு பக்கம் நான் புடிக்கிறேன்" என்றாள் அக்சிலியா.

"பொம்பளைங்க புடிக்கிற பழக்கம் இல்லீங்களே."

"தெச்சது பொம்பளைதானுங்க."

யாரோ பின்னால் செருமினார்கள். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. அக்சிலியா செருப்பைக் கழற்றினாள். குனிந்து ஒரு நுனியை எடுத்தாள். நேராக அண்ணனிடம் நடந்தாள். நாடா நீளமாக அவள் பின்னால் மண்ணில் இழுபட்டு வந்தது. அவன் முன்னால் நின்று, முந்தானை தோளிலிருந்து நழுவியதைப் பார்த்து, நாடாவை அவன் பக்கம் நீட்டினாள்.

"இதக் கொஞ்சம் புடிண்ணா."

கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. அவன் வாங்கிக்கொண்டான். பஸ்ஸ்டாண்டில் யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது மாதிரி வாங்கிக்கொண்டான். அவள் முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகினாள். திரும்பி நடந்தாள். அதைத் திருப்பிக் கேட்கவில்லை. தலைமாட்டில் எதிர்ப்பக்கம் போய், தன் நுனியை எடுத்து முதல் காதுக்குள் கையைக் கொடுத்தாள்.

பெனடிக்ட் கையிலிருந்த நாடாவைப் பார்த்தான். பிறகு, அது இழுத்துக்கொண்டு போன வழியே நடந்து வந்து குழியோரத்தில் நின்றான். உபதேசியார் குறுக்குப் பலகைகளை உருவச் சொன்னார்.

பெட்டியின் கனம் நாலு கைக்கும் வந்தது. அக்சிலியாவுக்குத் தோள் ஒருமுறை இறங்கியது. நின்றுகொண்டாள்.

"விடுங்க" என்றாள். ஒரு காதை விட்டு அடுத்ததைப் பிடித்தார்கள். பெட்டி ஒரு சாண் இறங்கியது. சமமாக இறங்கியது. "விடுங்க." இன்னொரு சாண். பெட்டி முழுதும் தரை மட்டத்துக்குக் கீழே போனது. மல்லிகைச் சரம் மூடியின் மேல் அசையாமல் கிடந்தது.

பாதியில் சந்திரசேகரின் காலடியில் மண் சரிந்தது. அவன் தடுமாறி ஒரு காதைத் தவறவிட்டான். கால்மாடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெட்டி குழியின் சுவரில் 'சரக்'கென்று உரசியது. கூட்டத்தில் ஒரு பெண், "மாதாவே" என்று அலறினாள்.

"நில்லு!"

பெனடிக்ட்டின் குரல். ரிக் ஓடும்போது எஞ்சினுக்கு மேலே கேட்க வேண்டிய குரல். நாலு பேரும் கல்லாக நின்றார்கள். சுற்றி நின்றவர்களும் நின்றார்கள்.

"ஆரும் அசையக் கூடாது. மாப்ள, பதறாதீங்க. காது கையில இருக்குதா?"

"இருக்குதுங்க மச்சான்."

"கால அரையடி பின்னால வையுங்க. கெட்டி மண்ணுல. வெச்சாச்சா? இப்ப ஒரு காது மேல புடிங்க. நீங்க மட்டும். மெதுவா. சின்னுசாமி, நீ அப்படியே இரு. பாப்பா, நீயும் இரு."

பெட்டி மெல்ல நிமிர்ந்தது. சுவரை விட்டு விலகியது. பெனடிக்ட் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தான். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. குழாய் நட்டுக்குத்தாக இறங்குகிறதா என்று பார்க்கிற கண்.

"செரி. இனி நாஞ் சொல்றப்பத்தான். விடு… புடி. விடு… புடி."

அக்சிலியா அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. அவன் சொன்னபோது விட்டாள். அவன் சொன்னபோது பிடித்தாள். குழிக்கு மேலே அண்ணனின் முகம் நேர் எதிரே இருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. விடு, புடி. விடு, புடி. நாடா இறுகி இறுகித் தளர்ந்தது. கடைசியில் கையில் கனம் இல்லாமல் போனது. அடியில் நாலு மூலையும் ஒன்றாகத் தரையைத் தொட்டது. அரிசி மூட்டையைப் பரணில் வைத்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

சின்னுசாமி குனிந்து பார்த்தான். "மட்டக் கோல் வெச்சாப்பல இருக்குதுங்க" என்றான்.

பிறகு நாடாவைச் சுண்டி இழுத்துவிட்டு நிமிர்ந்தான். "இத எப்படியம்மா உருவறது? காதெல்லாம் அடியில மாட்டுமே."

"உருவ வேண்டாம். அவங்களோட போவட்டும்."

"அட, கோயிலுக்கு ஆவுமேன்னு பாத்தேன். அடுத்த ஆளுக்கு" என்றார் உபதேசியார்.

"அடுத்த ஆளுக்கு வேற தெச்சுத் தாரனுங்க. ஆளு ஆருன்னு மட்டும் முன்னாலயே சொல்லிருங்க, கனத்துக்குத் தக்கன தெக்கோணும்."

உபதேசியார் அவசரமாக ஜெபப் புத்தகத்தைத் திறந்து சாமியாரிடம் நீட்டினார்.

அக்சிலியா தன் நுனியைச் சுருட்டிப் பெட்டியின் மேல் போட்டாள். சந்திரசேகரும் சின்னுசாமியும் போட்டார்கள். பெனடிக்ட் தன்னுடையதைப் போடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு காதுக்குள் இன்னும் வலது கையை விட்டபடியே நின்றான். சாமியார் தீர்த்தம் தெளித்து முதல் பிடி மண்ணைப் போட்டபோதுதான் கையை எடுத்தான்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. சோளக்காட்டு வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். அக்சிலியா உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். நாடாவின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. ஊடும் பாவும், சிவப்புச் சிவப்பாக, கட்டம் கட்டமாக. தையல் ஓடிய இடம்கூடத் தனியாகத் தெரிந்தது. விரலை மடக்கினால் எரிந்தது. முன்னால் அண்ணன் போய்க்கொண்டிருந்தான். சந்திரசேகர் அவனிடம் கால் வழுக்கியதைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டு போனான். "அது மண்ணு மாப்ள. மண்ணுன்னா சரியத்தான் செய்யும்" என்று அவன் சொன்னது காற்றில் கேட்டது.

வீட்டு வாசலில் அத்தாயி நின்றிருந்தாள். அவள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை; கல்லறைத் தோட்டத்துக்கும் போகாமல், வீட்டைக் கழுவிவிட்டு, வாசலில் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். அடக்கம் முடிந்து வருகிறவர்கள் கைகால் கழுவித்தான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் சொம்பில் மொண்டு ஊற்றினாள்.

"சமமா எறங்குனாளா?" என்று முதலில் வந்தவனிடம் கேட்டாள்.

"எறங்குனாங்க" என்றான் சின்னுசாமி.

அத்தாயி அடுத்த ஆளிடமும் அதையே கேட்டாள். அதற்கடுத்த ஆளிடமும் கேட்டாள். எல்லாரிடமும் அதே பதிலை வாங்கிக்கொண்டாள். அக்சிலியா கையைக் கழுவினாள். தண்ணீர் பட்டதும் உள்ளங்கை சுரீரென்றது. கழுவிவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றாள்.

கடைசியாகப் பெனடிக்ட் வந்தான். காலை நீட்டினான்; அத்தாயி ஊற்றினாள். ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்துச் செம்மண்ணைக் கழுவினான். "கையக் காட்டு சாமி" என்று அவள் மறுபடி மொண்டாள்.

அவன் இடது கையை மட்டும் நீட்டினான்.